கழுவி அனுப்பவும்

மிச்சிகனில், டியர்பார்னில், மார்ச் மாதம்.
கார் நிறுத்தும் அறையில் கார் இல்லை,
மின்சூளை இருக்கிறது.
நசீஹ் தன் வண்டியைத் தெருவில் விட்டுத்
தினமும் பனியைச் சுரண்டுகிறான்
ஒரு வார்த்தை பேசாமல்.
மின்கட்டணம் வரும் நாளில் மட்டும்
சேர்த்துவைத்துப் பேசுகிறான்.

மண் ஒஹாயோவிலிருந்து வருகிறது,
பதினோரு கிலோ பிளாஸ்டிக் பையில்,
சலித்து, கல் நீக்கி,
ஊர் நீக்கி.
நான் மணல் சேர்த்துப் பிசைகிறேன்.
வழவழப்பில் மிளகாய் வழுக்கும்.
ஸிப்தியாவின் வயிறு
பூனை நாக்கைப்போல் சொரசொரக்க வேண்டும்.

ஸிப்தியா என்றால் கிண்ணம். அவ்வளவுதான்.
காஸாவில் வீட்டுக்கு இரண்டு மூன்று கிடக்கும்.
முதலில் பூண்டும் உப்பும்,
பிறகு பச்சை மிளகாய், சதகுப்பை,
கடைசியில் தக்காளி,
எலுமிச்சை மரக் குழவியால் சுழற்றிச் சுழற்றி.
எண்ணெய் ஊற்றி அதிலேயே ரொட்டியைத் தோய்த்து
அதன் மேலேயே சண்டையும் போடுவோம்.
இறாலை அதிலேயே வைத்து அடுப்பில் தள்ளுவோம்.
கலை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
உடைந்தால் சந்தையில் இன்னொன்று.

ஓர் அருங்காட்சியகம் கடிதம் போட்டது.
பாலஸ்தீன மரபு, கண்ணாடிப் பேழை, மேலே விளக்கு,
கீழே நாலு வரிக் குறிப்பு.
கிண்ணம் ஒன்று வேண்டுமாம்.
அலமாரியில் புதியது இருந்தது,
விளிம்பைச் சுற்றித் தையல் பூக்கள் கீறியது.
நான் அனுப்பியது சமையலறையிலிருந்து:
ஒன்பது வருஷம் அரைத்தது,
எண்ணெய் குடித்து உள்ளே கறுத்தது,
லுபானா மேசையிலிருந்து தள்ளிவிட்டதில்
ஒரு பல் போனது.

பதில் வந்தது, மரியாதையாக.
வாசனை அடிக்கிறது,
பக்கத்துப் பேழைக்குப் பரவக்கூடும்,
கழுவி அனுப்பவும்.
விளிம்பையும் பூசித் தர இயலுமா?

சோப்பு போட்டால் மண் சோப்பைக் குடிக்கும்,
அடுத்த மாதம் முழுக்கத் துவையல் நுரைக்கும்.
விளிம்பா?
சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது.
பூசலாம், சாயம் தேய்த்து மறைக்கலாம்,
சூளைக்குள் போனதும் உதிரும்.
பத்தொன்பது வருஷமாக இந்த ஊரும் நானும்
ஒட்டிப் பார்க்கிறோம்.
யார் சுட்டது, யார் பச்சை
என்பதில்தான் இன்னும் குழப்பம்.

அன்றிரவு டெய்ர் அல்-பலாவிலிருந்து ருஷ்தி அழைத்தான்.
பேட்டரியில் நான்கு சதவீதம் என்றான்.
அதில் ஒரு சதவீதத்தைச் சிரித்தே தீர்த்தான்,
கழுவச் சொன்ன கதையைக் கேட்டு.
"ஹியாம், வீட்டைத் தோண்டியதில்
நம் கிண்ணத்தில் பாதி கிடைத்தது.
அரைக் கிண்ணத்தில் அரைக்கிறோம்.
ஒருவர் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
கூடாரத்தில் ஒன்பது பேர்,
பிடிக்கவா ஆள் இல்லை?
மிளகாயின் விலையை மட்டும் கேட்காதே."
எதை அரைக்கிறீர்கள் என்று கேட்டேன்.
தொடர்பு போயிருந்தது.

கழுவ முடியாது, திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினேன்.
மரப்பெட்டியில் வந்தது,
ஆறு பக்கமும் 'உடையும் பொருள்' என்று ஒட்டி.
உள்ளே பென்சிலில் ஒரு துண்டுச் சீட்டு,
பெட்டி கட்டிய ஆள்போலிருக்கிறது:
"இந்த வாசனைக்கு என்ன பெயர்?
மூன்று நாள் என் மதியச் சாப்பாட்டை
இதன் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிட்டேன்."

சீட்டைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப்
பூண்டு உரித்தேன்.
கிண்ணம் முழுசு, ஒரு பல்தான் குறை.
தரையில் வைத்தே அரைக்கலாம்.
ஆனாலும் லுபானாவைக் கூப்பிட்டு
சாய்த்துப் பிடி என்றேன்.
எதற்கு என்றாள்.
பிடி என்றேன்.
இரண்டு கையாலும் பிடித்தாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
தெறிக்கும் என்று தெரிந்தவளைப்போல.